அடுக்களை மொழியும் அவை மொழியும்

கடல் கடந்து செல்லும் செலவில் மகளிரை உடன்கொண்டு போதல் வழக்கம் அன்று எனத் தொல்காப்பியர் அகத்திணையியலில் விதி வகுத்தார். நச்சினார்க்கினியர் அந்நூற்பாவுக்கு ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைப் பிரிவைப் பொருளாகக் கொள்வார் எனினும், தமிழர் வாழ்வில் வேரூன்றி நின்றது கடல் என்னும் பொருளே ஆகும். பொருள்வயிற் பிரிதல் தலைவனுக்கு உரியது. ஆற்றியிருத்தல் தலைவிக்கு உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழனும் இவ்விதியைச் சுமந்தே வந்தான். அவனைப் பற்றி எழுந்த இலக்கியமும் அதனையே சுமந்தது.

சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகளில் நெடுங்காலம் வந்துபோன பெண்ணை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அவள் ஊரிலிருந்து கணவனின் மடலை எதிர்நோக்குபவள். அன்றேல், இங்கே அடுக்குமாடி வீட்டில் பிள்ளைகளுக்காகத் தேய்பவள். பொறுமை அவளுடைய பண்பு. கண்ணீர் அவளுடைய மொழி. அவள் என்ன தொழில் செய்தாள், எந்தச் சட்டம் அவளுடைய திருமணத்தை ஆண்டது, யாருடைய கையொப்பத்தின் பேரில் இந்நாட்டில் தங்கினாள், வீடு யாருடைய பெயரில் இருந்தது என்பன கதைக்கு வேண்டாத செய்திகளாக ஒதுக்கப்பட்டன. பெண் என்றால் பெண், அவ்வளவே. நல்ல எழுத்தாளர்களும் இவ்வழக்கத்திற்கு விலக்கல்லர்.

இவ்வழக்கம் பொய்யாகும் இடம் ஒன்று சிங்கப்பூரிலேயே இருந்தது. அதுவே தஞ்சோங் பகார்.

மலாய் மொழியில் வேலி நட்ட முனை எனப் பொருள்படும் பெயர் அது. 1864 இல் தஞ்சோங் பகார்க் கப்பல்துறை நிறுவனம் தோன்றியது. 1913 இல் துறைமுக வாரியம் அமைந்தது. 1932 இல் இரயில் நிலையம் எழுந்தது. கப்பலும் இரயிலும் கூடுமிடத்தில் கூலியாள் வேண்டும். தமிழர் வந்தனர். தேக்கா வட்டாரத்தையே தமிழர் சிங்கப்பூர் எனக் கருதும் பழக்கம் இன்று மிகுந்துவிட்டது. மாடும் மலரும் மளிகையும் அங்கே கண்ணில் படுவதால் இவ்வாறு நேர்ந்தது போலும். துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்த தமிழரின் வரலாறு அதனினும் குறைந்ததன்று.

அவர்களுள் ஒரு பிரிவினர் தென்பாண்டி நாட்டுக் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த முஸ்லிம்கள். கீழக்கரை, நாகூர், காரைக்கால் முதலிய கடற்கரை ஊர்களின் வணிகர்கள் தொல்காப்பிய விதிக்கு உடன்பட்டவர்களைப் போல மனைவியரை ஊரிலேயே விட்டுவந்து, பொருளீட்டி, மீண்டனர். கடையநல்லூரார் செல்வ வணிகர் அல்லர். தறியை நம்பி வாழ்ந்து, வறுமையால் பெயர்ந்தவர்கள். அவர்கள் மனைவி மக்களோடு வந்தனர். முந்நீர் வழக்கத்தை முறித்த பெண்கள் புரட்சி பேசிக் கப்பலேறவில்லை. ஊரில் இருந்து ஆற்றியிருக்க உணவு இல்லாமையால் ஏறினார்கள்.

தஞ்சோங் பகாரின் கடைவீடுகளில் அவர்கள் குடியேறினர். துறைமுகக் கூலி நாள்தோறும் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கப்பல் வந்தால் வேலை, வாராவிடில் இல்லை. இந்நிலையில் வீட்டுப் பெண்கள் மிளகாயும் மஞ்சளும் மல்லியும் அம்மியில் அரைத்து விற்றனர். வீட்டுக்கு அரைப்பது கடமை எனவும் சந்தைக்கு அரைப்பது தொழில் எனவும் பிரித்துப் பேசுவது பொருளியல் நூலார் வழக்கம். அம்மிக்கு அவ்வேறுபாடு தெரியாது. அரைத்தவளின் கைக்கும் தெரியாது. அஞ்சடி எனத் தமிழர் வழங்கிய நடைபாதைக்கு உட்புறம் நடந்த இவ்வேலை எக்கணக்கிலும் தொழிலாகப் பதிவு பெறாமற் போனதில் வியப்பில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் தொழிலாளி. வேலைநிறுத்தம் செய்தால் அவன் செய்தி ஆனான். அவன் வீட்டில் அம்மி நின்றால் அன்று உலை ஏறாது என்பதை எவரும் செய்தியாக்கவில்லை.

இம்மக்கள் 1941 இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பைக் கண்டனர். 1946 இல் உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளியைத் தஞ்சோங் பகாரில் நிறுவினர். சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரைக் கூலித் தொழிலாளர் சிலர் தம் பிள்ளைகளின் பள்ளிக்குச் சூட்டினர் என்பது தமிழாசிரியர் நெஞ்சில் இருத்தத்தக்க செய்தி. சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த அது 1982 இல் மூடப்பட்டது. 1972 இல் முதற் கொள்கலக் கப்பல் தஞ்சோங் பகார் முனையத்தில் அணைந்ததும் மூட்டை தூக்கும் தொழிலின் காலம் முடிந்தது. நகரச் சீரமைப்பு குடிகளை அடுக்குமாடிப் பேட்டைகளுக்குப் பிரித்து அனுப்பிற்று. மெக்ஸ்வெல் உணவு நிலையத்தின் அருகே கடையநல்லூர்த் தெரு என்னும் பெயர்ப்பலகை மட்டும் இன்றும் நிற்கிறது. அத்தெருப் பெயரைப் படித்துவிட்டு உணவு நிலையத்துள் நுழைவோருள் எத்தனை பேர் அம்மியை நினைப்பார்கள்?

இப்பெண்ணை எந்தப் பெயரால் அழைப்பது? தமிழ்ப்பெண் என்றால், தமிழர் என்ற சொல்லுக்குக் கோயிலும் பொங்கலும் அடையாளமாகிவிட்ட சூழலில் அவள் விளிம்பில் நிற்கிறாள். முஸ்லிம் பெண் என்றால், இந்நாட்டு முஸ்லிம்களுள் பெரும்பான்மையினர் மலாய்க்காரர். பள்ளிவாசலின் பொதுமொழியும் பெரும்பாலும் மலாய். அங்கும் அவள் விளிம்பு. தொழிலாளி என்றால், தொழிற்சங்கத்தின் பேரேட்டில் அவள் இல்லை. பெண் என்றால், மாதர் உரிமை பேசிய மன்றங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற நடுத்தரக் குடும்பத்து மகளிருடையவை. நான்கு தெருக்களுக்கும் உரியவள், எத்தெருவிலும் வீடில்லாதவள்.

அமெரிக்கச் சட்டப் பேராசிரியை கிம்பர்லே கிரென்ஷா 1989 இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய நிலைக்கு நாற்சந்தி உவமையைக் கையாண்டார். கறுப்பினப் பெண்கள் சிலர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு 1976 இல் தள்ளுபடியானது. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது, அவர்கள் வெள்ளையர். கறுப்பினத்தாரையும் எடுத்திருந்தது, அவர்கள் ஆடவர். கறுப்பினப் பெண் என்னும் தனிநிலையை நீதிமன்றம் ஏற்கவில்லை. சாலைகள் கூடும் இடத்தில் அடிபட்டவளை எந்தச் சாலையின் வண்டி மோதியது எனக் கேட்டு, விடை தெளிவாக இல்லை என்று கைவிடுவதற்கு இது நிகராகும். இதிலிருந்து வளர்ந்த சிந்தனையே குறுக்குவெட்டுப் பெண்ணியம் எனப்படுகிறது. பெயர் புதிது. பொருள் தமிழுக்குப் புதிதன்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936 இல் ‘தாசிகளின் மோசவலை’ எழுதியபோதும், பாமா 1992 இல் ‘கருக்கு’ எழுதியபோதும், பெண்மையும் சாதியும் வயிறும் ஒரே உடலில் கூடி நிற்பதைக் கண்டுதான் எழுதினர். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் வரும் மருதியையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். நெல்லைச் சீமையின் தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் சிதைந்த அவளுடைய துயரம் பெண் என்பதால் மட்டும் வந்ததன்று. சாதி என்பதால் மட்டும் வந்ததும் அன்று. ஆயினும் பாரதியார் ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக வடித்த கண்ணீரையும் புதுமைப்பித்தனின் சினத்தையும் கடல் கடந்த பெண்ணின் சொந்தக் குரல் எனக் கொள்ளலாகாது. அவை அவளுக்காக எழுந்த குரல்கள். அவள் தானே பேசினால் என்ன நிகழும் என்பது வேறு வினா.

அவ்வினாவுக்கு விடை தேடுமுன் சட்டத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். திறனாய்வில் சட்டம் எதற்கு எனச் சிலர் கேட்கலாம். காப்பியத்தின் நடுவே வழக்குரை காதையை வைத்த மரபினர் கேட்கத்தக்க வினா அன்று அது.

பம்பாயில் 1905 இல் பாரசீகப் பெற்றோருக்குப் பிறந்த சிரின் ஃபோஸ்தார் 1950 இல் சிங்கப்பூருக்கு வந்தார். 1952 இல் தோன்றிய சிங்கப்பூர் மாதர் பேரவையின் உயிர்நாடியாக விளங்கியவர் அவர். பலதார மணத்தையும் மனைவியை நினைத்தவுடன் விலக்கும் வழக்கத்தையும் எதிர்த்து அவர் இடைவிடாது போராடினார். 1958 இல் ஷரியா நீதிமன்றம் அமைந்ததிலும் அவருடைய முயற்சிக்குப் பங்குண்டு. 1961 இல் மாதர் சாசனம் நிறைவேறியது. ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமாயிற்று. ஆயின் திருமணம், மணவிலக்குப் பற்றிய அதன் பிரிவுகள் முஸ்லிம் முறைப்படி மணந்தாரைக் கட்டுப்படுத்தா. அவர்கள் 1968 இல் நடைமுறைக்கு வந்த முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்துக்கு உட்பட்டனர். அச்சட்டத்தின்கீழும் மனைவி தானே மணவிலக்குக் கோர வழிகள் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து காக்கும் மாதர் சாசனப் பிரிவுகள் முஸ்லிம் பெண்களுக்கும் பொருந்தும். எனவே அவள் காப்பற்று விடப்பட்டாள் எனல் மிகையாகும். ஆனால் ஒரே தெருவில் வாழும் இரு தமிழ்ப் பெண்கள் இருவேறு வாயில்களைத் தட்ட வேண்டியதாயிற்று. ஒருத்தி தட்டிய வாயிலில் அவளுடைய தாய்மொழி பெருவழக்காகவும் இல்லை.

இச்சூழலில்தான் இளங்கோவனின் ‘தலாக்’ நாடகம் வருகிறது. கவிதையில் ‘விழிச் சன்னல்களின் பின்னாலிருந்து’, ‘மௌனவதம்’ முதலிய தொகுதிகளைத் தந்து, 1997 இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்ற அவர், தம் அக்கினிக் கூத்துக் குழுவின் வாயிலாக இதனை 1998 டிசம்பரில் தமிழில் மேடையேற்றினார். இந்திய முஸ்லிம் பெண்கள் பலரின் வாழ்க்கைச் செய்திகளைக் கேட்டறிந்து எழுதப்பட்ட நாடகம் அது. மணவாழ்க்கைக்குள் கணவனே மனைவியின் உடல்மீது நிகழ்த்தும் வன்கொடுமை அதன் பொருள். ஒருத்தி பேசுகிறாள். அவையோர் கேட்கிறார்கள். நாடகத்தின் வடிவம் பெரிதும் இவ்வளவே.

எதிர்ப்பு எழுந்தது. தென்னிந்திய ஜமியத்துல் உலமா முதலிய சமய அமைப்புகள், நாடகம் இஸ்லாத்தையும் இந்திய முஸ்லிம் சமூகத்தையும் தவறாகக் காட்டுகிறது என்றன. நடித்த பெண்ணுக்கு மிரட்டல்கள் வந்ததாகச் செய்திகள் கூறின. 2000 அக்டோபரில் அதே நாடகத்தை ஆங்கிலத்திலும் மலாயிலும் அரங்கேற்ற முற்பட்டபோது உரிமம் மறுக்கப்பட்டது. மூடிய அரங்கில் ஒத்திகை நடத்த முயன்ற குழுவின் தலைவி, அத்துமீறி நுழைந்தார் எனக் கைதுசெய்யப்பட்டார்.

இந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கருத்துரிமை என்னும் தலைப்பில் பேசி முடிப்பர். அதனினும் கூர்மையான செய்தி ஒன்று இதில் உள்ளது. தமிழில் உரிமம் பெற்று, மேடையேறி, பார்க்கப்பட்ட நாடகம் வேறு மொழியில் மறுக்கப்பட்டது. சொல் அதே சொல். துயரம் அதே துயரம். கேட்கும் செவிகள் மட்டுமே மாற இருந்தன. மொழி ஒன்றே மறுப்புக்குக் காரணம் எனல் நேர்மையாகாது. தமிழ் மேடையேற்றத்துக்குப் பின் எழுந்த எதிர்ப்பும், பல சமயத்தார் நெருங்கி வாழும் நாட்டில் ஆட்சியாளருக்கு இருக்கும் அச்சமும் காரணங்களே. ஆயினும் விளைவு மாறுவதில்லை. 2020 குடிக்கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசும் குடியிருப்பாளர் 2.5 விழுக்காட்டினர். அவ்வளவு பேர் கேட்கத்தக்க குரலில் அவள் பேசலாம். மலாய் முஸ்லிம் பெண் கேட்கும்படியாகவும், ஆங்கிலம் அறிந்த நீதிபதியும் மருத்துவரும் சட்டமன்ற உறுப்பினரும் கேட்கும்படியாகவும் பேசக்கூடாது. தமிழ் அன்று அவளுக்கு அடுக்களை ஆயிற்று. அடுக்களையில் பெண்கள் என்ன பேசிக்கொண்டாலும் ஆடவர் பொருட்படுத்துவதில்லை. அதே பேச்சு கூடத்துக்கு வந்தால்தான் குற்றம்.

குறுக்குவெட்டுப் பெண்ணியம் பற்றி எழுதுவோர் இனம், வகுப்பு, சாதி, சமயம் என்று அடுக்குவர். மொழியைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு மொழி ஒரு சுமையாகத் தோன்றாமையே இதற்குக் காரணமாகலாம். தமிழில் வாழ்பவர்களுக்கு அது தெரிய வேண்டும். தமிழ் இந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆனால் ஆட்சிமொழி எனும் தகுதியும், ஒருவர் சொன்னது ஆட்சியின் செவியில் விழும் என்பதும் வெவ்வேறு. தமிழில் எதையும் எழுதலாம் எனும் உரிமையைத் தமிழ் எழுத்தாளர் சிலர் பெருமையாகக் கூறிக்கொள்வதுண்டு. அவ்வுரிமையின் ஒரு பாதி, யாரும் படிக்கமாட்டார் எனும் நம்பிக்கையின்மேல் நிற்கிறது.

கண்ணகியை இங்கே எண்ணிப் பார்க்கலாம். புகாரிலிருந்து மதுரைக்குப் பெயர்ந்தவள் அவள். அந்நிய நாட்டு அவையில், துணையின்றி, தன் ஊரின் பெருமையைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொண்டு வழக்குரைத்தாள். புலம்பெயர்ந்த பெண்ணின் வழக்கு வென்ற முதற் காட்சி எனப் பட்டிமன்றங்கள் பாராட்டும். ஆனால் அவள் அவையில் வைத்த வழக்கு யாருடையது? கோவலனுடையது. கணவன் கள்வன் அல்லன் என்பதே அவள் மெய்ப்பித்தது. அக்கணவன் மாதவியிடம் வாழ்ந்த நாள்களில் அவளுக்கு நேர்ந்த தீங்கு எந்த மன்றத்திலும் வழக்காகவில்லை. அதனைக் கேட்கும் மன்றம் பாண்டியனிடமும் இல்லை, சோழனிடமும் இல்லை. அரசன் செய்த பிழையை அவையில் சொல்லலாம். கணவன் செய்த பிழை அடுக்களையோடு. சிலம்பை உடைத்தவளுக்கும் அவ்வெல்லை இருந்தது. ‘தலாக்’ நாடகத்துப் பெண் கடந்தது அந்த எல்லையைத்தான். கண்ணகிக்குக் கோயில் எடுத்த மரபு அவளைக் கண்டு ஏன் அஞ்சியது என்பதும் இதனால் விளங்கும்.

எதிர்த்தோரின் அச்சத்தையும் எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. சிறுபான்மையுள் சிறுபான்மையான ஒரு சமூகத்தின் வீட்டுக்குறையைப் பொதுமேடையில் காட்டும்போது, பார்ப்பவன் அதனை அச்சமயத்தின் குறையாகவே எண்ணுவான். அந்த ஐயம் வெற்றையம் அன்று. 2001 செப்டம்பருக்குப் பின் உலகெங்கும் முஸ்லிம்கள் மீது விழுந்த நோக்கு அதற்குச் சான்று. நாடகத்தின் தலைப்பும் இவ்வையத்தை வளர்த்தது எனலாம். மணவிலக்கைக் குறிக்கும் சமயச் சொல்லைத் தலைப்பாக வைத்ததால், மணத்துக்குள் நிகழும் வன்கொடுமை எனும் பொருள் பின்தள்ளப்பட்டு, சமயம் முன்வந்து நின்றது. இது நாடகாசிரியரின் கலைத்தேர்வு பற்றிய குறை. அதன்மேல் எழுந்த சினம் இன்னொரு பெரும் உண்மையை மறைத்துவிட்டது.

கணவன் மனைவியைக் கட்டாயப்படுத்துதல் குற்றமன்று எனும் விலக்கு குர்ஆனிலிருந்து சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு வரவில்லை. ஆங்கிலேயர் இந்தியாவுக்கு 1860 இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் வழியே வந்தது. இந்து மனைவிக்கும் கிறித்தவ மனைவிக்கும் சீன மனைவிக்கும் ஒருசேரப் பொருந்திய விலக்கு அது. சிங்கப்பூரில் 2008 முதல் அது ஒரு பகுதி தளர்த்தப்பட்டு, 2020 சனவரி 1 முதல் முற்றாக நீக்கப்பட்டது. இந்தியாவில் 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமும் வயதுவந்த மனைவியைப் பொறுத்தவரை அவ்விலக்கைத் தக்கவைத்துக்கொண்டது. ஆகவே 1998 இல் மேடையில் நின்ற முஸ்லிம் பெண் உரைத்தது முஸ்லிம் பெண்ணின் வழக்கு மட்டும் அன்று. அரங்கில் அமர்ந்திருந்த ஒவ்வொரு மனைவியின் வழக்கும் அதுவே. அவளை அவளுடைய சமூகத்துக்குள் வைத்துப் பூட்டியவர் எதிர்த்தோர் மட்டும் அல்லர். ‘பாவம், அவர்கள் பெண்கள்’ என்று இரங்கிய பிற தமிழரும் அதே பூட்டைத்தான் திருகினர். இரக்கம் சில வேளை மிக நாகரிகமான விலக்கல் ஆகிவிடுகிறது.

தமிழ் முஸ்லிம் பெண் எழுத்துக்கு முன்மரபு இல்லாமலும் இல்லை. நாகூர்ச் சித்தி ஜுனைதா பேகம் 1938 இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார், உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். துவரங்குறிச்சி சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004 இல் வந்தது. முன்னவர் எழுதிய காலத்தில் தஞ்சோங் பகாரில் அம்மி அரைபட்டுக்கொண்டிருந்தது. அந்த வீடுகளிலிருந்து ஒரு ஜுனைதா ஏன் எழவில்லை என்பது பண்பாட்டு வினா மட்டும் அன்று. எழுதுவதற்கு எழுத்து வேண்டும். எழுத்துக்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்குக் கூலி வேண்டும். பள்ளி வந்தது, ஆனால் அடுத்த தலைமுறை எழுதும் பருவம் எய்தியபோது ஆங்கிலமே சோறு போடும் மொழியாயிற்று. எழுதத் தெரிந்த பேத்திக்குப் பாட்டியின் மொழியில் எழுதும் தேவை அற்றுப்போயிற்று.

பிற்காலத்தில் பெண் எழுத்து சிங்கப்பூர்த் தமிழில் செழித்தது. நீர்கொழும்பில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் லதாவின் ‘நான் கொலை செய்யும் பெண்கள்’ 2008 இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்றது. தலைப்பே பழைய கதைகளின் பொறுமைத் தாயை நையாண்டி செய்வதுபோல் ஒலிக்கிறது. கமலாதேவி அரவிந்தன், ஜெயந்தி சங்கர் முதலியோர் வெவ்வேறு நிலத்திலிருந்து வந்து வெவ்வேறு வகையில் எழுதினர். பெண் என்னும் ஒரே வார்ப்பு இவர்களால் உடைந்தது. இது மதிக்கத்தக்க பேறு.

இனி ஒரு கடினமான இடம் வருகிறது. படித்த நடுத்தரக் குடும்பத்துத் தமிழ்ப் பெண் அலுவலகம் சென்றாள், எழுதினாள், உரிமை பேசினாள். அவள் விட்டுச்சென்ற அடுக்களையில் இன்னொருத்தி நிற்கிறாள். 1978 இல் வெளிநாட்டுப் பணிப்பெண் திட்டம் வந்தபின் இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவள் அவள். வேலைவாய்ப்புச் சட்டத்துக்குள் அவள் அடங்கமாட்டாள். வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்பதே 2013 சனவரி முதல்தான் அவளுக்குச் சட்டத்தால் கிடைத்தது. அந்த ஓய்வையும் பணத்துக்கு ஈடாக விட்டுக்கொடுக்கச் செய்யலாம் என்றிருந்தது. மாதத்தில் ஒரு நாளையேனும் எவ்வகையிலும் பறிக்கலாகாது எனும் விதி 2023 சனவரியில் வந்தது. அவள் சிங்கப்பூர்க் குடிமகனை மணக்க வேண்டுமாயின் மனிதவள அமைச்சின் இசைவு வேண்டும். தமிழ்நாட்டுச் சிற்றூரிலிருந்து தமிழ்க் குடும்பத்துக்கு வேலைக்கு வரும் பெண்ணை வீட்டார் அக்கா என்றோ பெயர் சொல்லியோ அழைப்பர். அவளும் அம்மா என்பாள். உறவுச்சொற்கள் அனைத்தும் இருக்கும். கடவுச்சீட்டு யாருடைய அலமாரியில் இருக்கிறது என்பதை உறவுச்சொல் காட்டிக்கொடுக்காது.

மணமகளாக வருபவளின் நிலையும் முற்றிலும் வேறன்று. நீண்டகால வருகை அனுமதியில் தங்கும் மனைவியின் இருப்பு கணவனின் பொறுப்பேற்பைச் சார்ந்தது. அவன் கையை எடுத்தால் மணம் முறிவதோடு நாடும் முறியும். ‘தலாக்’ போன்ற நாடகத்தைப் பார்த்துவிட்டு அவள் ஏன் வெளியேறவில்லை எனக் கேட்கும் மாணவர்களுக்கு இவ்விதியைச் சொல்லிவைப்பது நலம். பாத்திரப் படைப்பில் குறை தேடுமுன் கதவு எப்பக்கம் பூட்டப்பட்டுள்ளது எனப் பார்த்தல் திறனாய்வின் கடமை.

பணிப்பெண்ணை எழுதிய தமிழ்க் கதைகள் உண்டு. அவற்றுள் பெரும்பாலன வீட்டுக்காரியின் கண்வழியே நடப்பவை. அவளுடைய குற்றவுணர்வு அழகாக எழுதப்பட்டிருக்கும். பணிப்பெண் அக்குற்றவுணர்வு எதிரொலிக்கும் சுவராக நிற்பாள். ஒரு காலத்தில் ஆடவர் எழுதிய கதைகளில் மனைவி நின்ற இடமும் அதுவே. 2014 இல் சிங்கப்பூரில் புலம்பெயர் தொழிலாளர்களுக்கான கவிதைப் போட்டி தொடங்கியது. முதலில் வங்காளத் தொழிலாளர் எழுதினர். பின்னர் வந்த ஆண்டுகளில் பிற நாட்டினரும், பணிப்பெண்களும் எழுதினர். தத்தம் மொழியில் எழுதியதை ஆங்கிலத்தில் பெயர்த்து மேடையில் படித்தனர். ‘தலாக்’ கேட்ட வாயில் அதுவே: அடுக்களையில் பேசியதைக் கூடத்தில் கேட்கச் செய்தல். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் சாத்தப்பட்ட கதவு, வேறு பெண்களுக்கு, வேறு பொருளில், சற்றே திறந்தது.

தஞ்சோங் பகாரில் அம்மி அரைத்தவர்களின் மகளிரும் பேத்தியரும் இன்று சிங்கப்பூரின் எல்லாப் பேட்டைகளிலும் இருக்கிறார்கள், ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். பாட்டியின் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஒப்படைப்பாகக் கொண்டுவருமாறு வகுப்பில் ஒரு பணி தரப்பட்டால், அவள் மிளகாய் அரைத்த கூலியை முதலில் கேட்கச் சொல்லலாம்; தாலாட்டைப் பிறகு கேட்கலாம்.